தேக்கந்தோப்பில் டிடிஎஸ் மீட்டர்: ஒரு பருவமழை அனுபவம்

வீட்டுக் குடிநீரைச் சோதிப்பதற்கென்று விற்கப்படும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) ஒன்றை, அலங்காநல்லூருக்கு அருகிலுள்ள எங்கள் தேக்கந்தோப்பில் மழைநீரை அளந்து பார்ப்பதற்காக மதுரையில் வாங்கினேன். மரத்தின் மீது விழும் மழை அதன் சத்துகளையும் கரைத்துக்கொண்டே மண்ணில் இறங்குகிறது என்று படித்ததை நேரில் பார்க்கும் ஆசைதான் காரணம்.

வெட்டவெளியில் ஒரு கேன் வைத்தேன். இலைகளுக்கு அடியில், நைலான் வலை கட்டிய புனலுடன் இன்னொன்று. மூன்றாவதற்கு, தோட்டத்து ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து, அடிமரத்தைச் சுற்றிச் சரிவாக ஒட்டி, பட்டையில் வழியும் நீரைக் கேனுக்குள் திருப்பிவிட்டேன். ஐப்பசியில் தொடர்ந்து மூன்றாம் நாளாகப் பெய்த மழையில் வெட்டவெளி நீர் 11 பிபிஎம் (பத்து லட்சத்தில் 11 பங்கு), இலைச்சொட்டு 34, தண்டில் வழிந்தது 58 என்று மீட்டர் காட்டியது. முதல் நாள் வேறுபாடு இதைவிடப் பெரிது. ஆனால் இலைமேல் படிந்திருந்த புழுதிக்கும் பறவை எச்சத்துக்கும் அதில் பங்குண்டு என்பதால், மூன்றாம் நாள் அளவையே நான் பொருட்படுத்துகிறேன். இலைக்குள்ளிருந்து கசிவதில் முதலிடம் சாம்பல் சத்துக்கே (பொட்டாசியம்). இலைத் திசுவில் அது எதனுடனும் இறுகப் பிணையாமல் அயனியாகவே இருப்பதால் எளிதில் கரைந்து, சருகு மட்கும்வரை காத்திராமல் உடனே மண்ணைச் சேர்கிறது. தழைச்சத்தின் (நைட்ரஜன்) போக்கு வேறு: மழைநீரிலுள்ள அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் இலைகளே உறிஞ்சிக்கொண்டு, வந்ததைவிடக் குறைவாகக் கீழே விடுவதும் உண்டு.

இந்த விவரம் எதையும் மீட்டர் சொல்லாது. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, ஒரு மாறிலியால் பெருக்கிப் பிபிஎம் ஆக்கிக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. சாம்பல் சத்தைத் தனியே அறிய ஆய்வகத்துக்குத்தான் நீரைக் கொடுக்க வேண்டும். இவ்வளவு குறைந்த அளவுகளில் இலக்கத்தை அப்படியே நம்பவும் கூடாது, ஒப்பிடுவதற்கு மட்டுமே கொள்ளலாம். விரல் வியர்வை பட்டாலே எண் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீரில் முனையைக் கழுவினேன். அளவைச் சரிபார்க்கும் கரைசல் பெட்டியில் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. கடைக்காரருக்கோ அப்படியொன்று உண்டென்பதே தெரியவில்லை.

58 என்ற எண்ணைக் கண்டு நான் முதலில் ஏமாந்தேன். தண்டில் இறங்குவது மொத்த மழையில் சிறு பங்குதான். அது மரத்தடியில் குவிகிறது, தோப்பு முழுவதற்கும் பரவலாகச் சத்தைக் கொண்டுவருவது இலைச்சொட்டே. நீரின் அளவு தெரியாமல் சத்தின் கணக்கு வராது என்பதால், இதே வேலைக்கு வாங்குவோர் ஒரு மழைமானியையும் சேர்த்தே வாங்கவும்.