விலையுயர்ந்த பொருளை நேரடியாக விற்பவருக்கு எஸ்க்ரோ.காம் எந்த அளவுக்குப் பாதுகாப்பு?

கைக்கடிகாரம், நகை, கேமரா, இசைக்கருவி போன்ற விலையுயர்ந்த பொருளைக் கடைக்காரரின் துணையின்றித் தாமே விற்க முனைபவர், நல்ல விலை கிடைக்குமா என்றுதான் முதலில் கவலைப்படுகிறார். ஆனால் கணக்கில் வரவான பணம் அங்கேயே நிலைத்திருக்குமா என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. அறிமுகமற்றவர் கைக்குப் போன பொருளை மீட்பது அரிது. பணமோ பல வழிகளில் திரும்பிப் போகக்கூடியது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய, பணத்தை நடுவில் நின்று காத்துவைக்கும் எஸ்க்ரோ சேவைகள் இருக்கின்றன. அவற்றுள் 1999 முதல் இயங்கிவருவதும், 2015இல் ஃப்ரீலான்சர் நிறுவனம் வாங்கியதுமான எஸ்க்ரோ.காம் சேவையை விற்பவரின் பக்கத்திலிருந்து மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

இப்படியொரு சேவை ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடன் அட்டை வழியாக வந்த பணத்தை, அட்டைக்காரர் தம் வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெற முடியும். பெரிய அட்டை நிறுவனங்களின் விதிகளில் இதற்கான கால எல்லை பெரும்பாலும் 120 நாட்கள். பேபால் என்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து 180 நாட்கள் வரை தகராறு எழுப்பலாம். இவை நேர்மையான வாங்குபவரைக் காக்க எழுந்த நல்ல விதிகள்தாம். ஆனால் திருடப்பட்ட அட்டையையோ களவாடிய கணக்கையோ வைத்து ஒருவர் பொருளை வாங்கிச் சென்றால், உண்மையான உரிமையாளர் முறையிடும்போது பணம் விற்றவரின் கணக்கிலிருந்துதான் கழிக்கப்படும். பேபாலில் பணம் செலுத்திவிட்டுப் பொருளை நேரில் பெற்றுக்கொள்ள வருகிறேன் என்பவரிடமும், பதிவாகியுள்ள முகவரியை விட்டு வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்பவரிடமும் விற்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்குக் காரணம் இதுவே: அனுப்பியதற்கான சான்று இல்லாமல் போனால் விற்பவருக்கான பாதுகாப்பும் இல்லாமல் போகும். காசோலையிலும் இதே சிக்கல் உண்டு. சில நாடுகளில் காசோலை உண்மையிலேயே தேறுவதற்கு முன்பே வங்கி அந்தத் தொகையை எடுக்க அனுமதித்துவிடுகிறது. போலி என்று தெரியவரும்போது வாரங்கள் கடந்திருக்கும். பேசிய விலையைவிடக் கூடுதலாக ஒரு காசோலையை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பித் தரச் சொல்வது இந்தக் கால இடைவெளியை நம்பி நடக்கும் மோசடியாகும்.

எஸ்க்ரோ.காம் செயல்படும் முறை எளிமையானது. விலை, அனுப்பும் முறை, பரிசோதனைக் காலம், கட்டணத்தை யார் ஏற்பது ஆகியவற்றை இருவரும் முதலில் ஒப்புக்கொள்கிறார்கள். வாங்குபவர் பணத்தை நிறுவனத்திடம் செலுத்துகிறார். பணம் உறுதியாகக் கைக்கு வந்ததைச் சரிபார்த்த பின்னரே பொருளை அனுப்பும்படி விற்பவருக்கு அறிவிப்பு வருகிறது. விற்பவர் தடமறியும் எண்ணுடன் பொருளை அனுப்புகிறார். வாங்குபவர் பெற்றுப் பரிசோதித்து ஏற்றுக்கொண்டதும் பணம் விற்பவருக்கு விடுவிக்கப்படுகிறது. பரிசோதனைக் காலம் முடியும்வரை வாங்குபவர் எதுவும் சொல்லாமல் இருந்தால், அதுவும் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுகிறது. வாங்குபவர் மௌனம் சாதித்துப் பணத்தை முடக்கிவைக்க இடமில்லாமல் செய்யும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பணம் வந்ததா என்ற சந்தேகத்தைச் சுமந்துகொண்டு பொட்டலம் கட்ட வேண்டியதில்லை என்பதே இந்தச் சேவையின் தலையாய பயன். ஆனால் அந்தப் பயன் கிடைப்பது உண்மையான எஸ்க்ரோ.காம் தளத்தில் மட்டுமே. எஸ்க்ரோ என்ற சொல்லுக்குக் கிடைத்துள்ள நம்பிக்கையையே முதலாக்கி, அச்சு அசலாகத் தோன்றும் போலித் தளங்களை மோசடியாளர்கள் நடத்துகிறார்கள். வாங்குபவர் தாமே ஒரு எஸ்க்ரோ தளத்தின் பெயரைச் சொல்லி, இணைப்பையும் அனுப்பி, அதன் வழியாகத்தான் வாங்குவேன் என்று வற்புறுத்தினால் அந்த விற்பனையைக் கைவிடுவதே நல்லது. பணம் பெறப்பட்டது, உடனே பொருளை அனுப்புங்கள் என்று வரும் மின்னஞ்சலை மட்டும் நம்பி எதையும் அனுப்பக் கூடாது. முகவரியைத் தாமே தட்டச்சு செய்து, தம் கணக்கினுள் நுழைந்து, பரிவர்த்தனையின் நிலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெறுபவருக்குப் பணம் வந்து சேர ரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்கும் எவரும் பணம் தர வரவில்லை, எடுக்கவே வந்திருக்கிறார்.

இந்தச் சேவையின் பலவீனம் பரிசோதனைக் காலத்தில் இருக்கிறது. பொருள் விவரித்தபடி இல்லை என்று வாங்குபவர் நிராகரித்தால், அவர் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். விற்பவரும் திரும்பி வந்ததைப் பரிசோதிக்கலாம். ஆனால் அசலை வைத்துக்கொண்டு போலியையோ, உள்ளுறுப்பு மாற்றிய பொருளையோ ஒருவர் திருப்பி அனுப்பினால், எந்தப் பொருள் போனது என்பதை நிறுவனம் நேரில் பார்த்ததில்லை. அங்கே விற்பவரின் சான்றுகளே பேச வேண்டும். ஆகவே பொருளின் வரிசை எண், கீறல்கள், நகையாயின் எடையும் முத்திரையும், கைக்கடிகாரமாயின் பின்மூடியும் தெளிவாகத் தெரியும் படங்களை அனுப்புவதற்கு முன்பே எடுத்துவைப்பது அவசியம். பொட்டலம் கட்டுவதை இடையில் நிறுத்தாமல் காணொளியாகப் பதிவு செய்வதும், அனுப்பும் நிலையத்தில் எடை குறித்த ரசீதை வாங்கிவைப்பதும் பின்னாளில் வழக்காடும் நிலை வந்தால் கைகொடுக்கும். பரிசோதனைக் காலத்தையும் பொருளுக்கேற்பக் குறுக்கிப் பேசிக்கொள்ளலாம். ஒரு கைக்கடிகாரத்தை நிபுணரிடம் காட்டிச் சரிபார்க்க ஓரிரு நாட்கள் போதும். அதற்கு இரண்டு வாரம் கேட்பவரிடம் காரணம் கேட்பதில் தவறில்லை.

கட்டணம் பொருளின் விலைக்கேற்ப மாறும். அதில் ஒரு குறைந்தபட்சத் தொகையும் உண்டு என்பதால் சிறு விற்பனைகளுக்கு இது கட்டுப்படியாகாது. பணம் பெறுவதற்கு முன் அடையாள ஆவணங்களைக் காட்ட வேண்டியிருக்கும். அந்தச் சரிபார்ப்பை விற்பனை தொடங்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது. டாலர், யூரோ போன்ற சில நாணயங்களில் மட்டுமே பரிவர்த்தனை நடக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாங்குபவர் நேரில் வரக்கூடியவர் என்றால் இந்தச் சேவை வேண்டியதில்லை. விற்பவரின் வங்கிக் கிளைக்கே இருவரும் சென்று, ரொக்கத்தை வங்கி ஊழியர் எண்ணிச் சரிபார்த்துக் கணக்கில் சேர்த்த பிறகு பொருளைக் கொடுப்பது செலவில்லாத, இதைவிட உறுதியான வழி. அறிமுகமற்ற ஒருவருக்குத் தொலைவில் அனுப்ப வேண்டியிருக்கும்போது, இந்தக் கட்டணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம் என்பதே என் முடிவு. அப்போதும் வழியில் பொருள் தொலைந்துபோகும் இழப்பை எஸ்க்ரோ ஈடுசெய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. நகைக்கும் கைக்கடிகாரத்துக்கும் கூரியர் நிறுவனங்கள் பல தங்கள் பொறுப்பை மிகவும் குறைத்துக்கொள்கின்றன. சில அவற்றை ஏற்பதே இல்லை. முழு மதிப்புக்கான காப்பீட்டுக்குத் தனியாக ஏற்பாடு செய்து, அதன் செலவை யார் ஏற்பது என்பதையும் விலை பேசும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.