ஜூடோ கழகப் பயிற்றுநர் சான்றிதழ்ப் பயிற்சிநெறி: யாழ்ப்பாணத்தில் ஐந்து நாட்கள்

எங்கள் கழகத்தின் பயிற்றுநர் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்பட்டபோது மண்டபத்தின் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அப்போது என் இடுப்பில் கறுப்புப் பட்டிக்கு முந்திய மண்ணிறப் பட்டி இருந்தது. கற்பிப்பதற்கான தகுதி என்று சொல்லக்கூடிய எதுவும் என்னிடம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சிறு கழகங்கள் பலவும் இவ்வாறுதான் மூத்த மாணவர்களின் கைக்கு வந்து சேர்கின்றன. பிள்ளைகள் வருவது நிற்கவில்லை, ஆகையால் நானும் கற்பிப்பதை நிறுத்தவில்லை. மண்டபத்தைத் தரும் பாடசாலை இந்த ஆண்டு தகுதிச் சான்றிதழ் கேட்ட பிறகுதான், கழகப் பயிற்றுநர்களுக்கென யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற இந்த ஐந்து நாள் பயிற்சிநெறிக்கு விண்ணப்பித்தேன்.

கட்டணம் 15,000 ரூபாய். மதிய உணவும் கையேடும் அதற்குள் அடக்கம். இருபத்தாறு பேர் வந்திருந்தோம், அவர்களில் பெண்கள் மூவர். அந்தப் பணத்துக்கு இது பெறுமதியானதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: முதல் இரண்டு நாட்களுக்காக மட்டுமே அந்தத் தொகையை மனநிறைவோடு கொடுக்கலாம், ஆனால் ஐந்தாம் நாள் கையில் கிடைக்கும் சான்றிதழ், அதை வைத்திருப்பவருக்குப் பிள்ளைகளைப் பழக்கத் தெரியும் என்பதற்கு அத்தாட்சியாகாது.

முதல் நாள் காலை முழுவதும் வரலாற்றுக்கே போயிற்று. 1882 இல் ஜூடோவின் நிறுவுநர் கானோ ஜிகோரோ தோக்கியோவின் எய்ஷோஜி ஆலயத்தில் 12 பாய்கள் விரித்த இடத்தில் ஒன்பது மாணவர்களுடன் கோதோகன் எனும் முதல் ஜூடோப் பள்ளியைத் தொடங்கியது, 1964 இல் ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது, பெண்களுக்கான போட்டிகள் 1992 பார்சிலோனாவில்தான் முழுமையான பதக்கப் போட்டிகளானது என்று ஆண்டுகளை மனனம் செய்யவைத்தார்கள். பரீட்சையிலும் அவையே வந்தன. கானோ தொழிலால் ஓர் ஆசிரியர், தோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கிய உயர் கல்லூரியின் அதிபராகப் பல்லாண்டுகள் இருந்தவர் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. பயிற்றுநராக வர இருப்பவர்களுக்கு அந்தப் படவில்லைகளில் சேர்த்திருக்க வேண்டிய ஒரே செய்தி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மதியத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. தென்பகுதியிலிருந்து வந்திருந்த, ஐம்பது வயதைக் கடந்த முதன்மைப் பயிற்றுநர் எங்களை வரிசையாகத் தரையில் படுக்கவைத்தார். கறுப்புப் பட்டிக்காரர் உட்பட அனைவரும் உகெமியை, அதாவது விழும் முறையை, முதல் பாடத்திலிருந்து மீண்டும் செய்தோம். மல்லாந்து படுத்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து, பட்டியின் முடிச்சைப் பார்த்தபடி இரண்டு கைகளாலும் தரையை அடிப்பது. பிறகு அதையே இருந்த நிலையிலிருந்து, குந்திய நிலையிலிருந்து, நின்ற நிலையிலிருந்து செய்வது. கடைசியாக முழந்தாளில் நிற்கும் துணைவரின் முதுகைத் தாண்டி உருள்வது. ஒவ்வொரு படியிலும் அவர் எங்களை நிறுத்தி, பிள்ளை எங்கே பிழைவிடும் என்று கேட்டார். கை உடலிலிருந்து மிக அகன்றால் தோளில் வலி வரும். உள்ளங்கையைப் பின்னே ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ முறியலாம். நாடி உயர்ந்தால் பின்மண்டை தரையில் மோதும். இவை எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ஆனால் எந்தப் பிழை எந்தப் படியில் பிறக்கிறது, அதைக் காண நான் பிள்ளையின் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

இந்தப் பாடத்துக்கு இவ்வளவு நேரம் ஏன் என்பதை இரண்டாம் நாள் காலையில் விளக்கினார். 1983 முதல் 2011 வரை ஜப்பானியப் பாடசாலை ஜூடோவில் 118 மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பாடசாலைகளில் தற்காப்புக் கலைகளைக் கட்டாய பாடமாக்கிய 2012 ஐ ஒட்டி இந்தக் கணக்கு அங்கே பெரும் விவாதமாகி, அடுத்த ஆண்டிலேயே பயிற்றுநர்களுக்கான தகுதிச் சான்று முறையும் நடைமுறைக்கு வந்தது. கடுமையான தலைக்காயங்களில் பல, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எதிரியின் காலைப் பின்னாலிருந்து வாரிவிடும் ஒசொதோகாரி எனும் வீச்சில் பின்னோக்கி விழுந்தபோது நேர்ந்தவை. தலை தரையில் மோதாத போதும், திடீரென்று சுழன்று நிற்கும் வேகத்தில் மூளைக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள நாளங்கள் கிழிந்து இரத்தம் கசியக்கூடும் என்று அவர் சொன்னபோது மண்டபத்தில் ஓர் இருமல் சத்தமும் கேட்கவில்லை. எங்கள் கழகத்தில் பிள்ளைகள் முதல் மாதத்தில் கற்கும் வீச்சு அதுதான். நானும் அப்படித்தான் கற்றேன்.

அதற்கு அவர் தந்த மாற்று வழி தெளிவானது. பின்னோக்கி விழும் பழக்கம் உடம்பில் ஊறும் வரை ஒசொதோகாரியை ஒத்திவைத்து, ஒரு முழந்தாளில் இருந்து செய்யும் இடுப்பு வீச்சோடு தொடங்குவது. வீசுபவர் மற்றவரின் சட்டைக்கையை இறுதிவரை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது. அவ்வாறு பிடிக்கத் தெரியாத பிள்ளையை வீச விடாதிருப்பது. விழுபவரின் தலைக்கு வீசுபவரின் கையே பொறுப்பு என்றார். பயிற்சிக்குப் பிறகு தலையிடிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை அன்றைக்கும், வைத்தியர் அனுமதிக்கும் வரைக்கும் மெத்தையில் ஏற்றக் கூடாது. வாந்தியோ மயக்கமோ இருந்தால் பெற்றோரின் வரவுக்குக் காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். தலையிடிக்கு ஒரு பனடோலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் எங்கள் ஊர் வழக்கத்தை நினைத்து எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

பயிற்சிநெறியைத் தயாரித்தவர்கள் எல்லாக் கழகத்திலும் முறையான தத்தாமி, அதாவது ஜூடோப் பாய், இருக்கும் என்று எண்ணியிருக்கிறார்கள் போலும். கையேட்டிலுள்ள படங்கள் அனைத்திலும் இரண்டு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் நான்கு சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட பாய்கள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. எங்களிடம் இருப்பவை தும்பு மெத்தைகளும் அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய படங்கும்தான். அதைச் சொன்னதும் முதன்மைப் பயிற்றுநர் தமது உணவு இடைவேளையில் பாதியை எங்களுக்குத் தந்தார். படங்கில் மடிப்பு விழுந்தால் கால்விரல் சிக்கும், மெத்தைகளுக்கு இடையே நீக்கல் விட்டால் கணுக்கால் புகும், தும்பு ஓரிடத்தில் அமுங்கிப் போயிருந்தால் அந்த இடத்தில் முழந்தாளால் அழுத்திப் பார்த்துக் குறியிட வேண்டும் என்று அவர் சொன்னவை கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. மெத்தையைக் கழுவாததால் பரவும் படர்தாமரை பற்றியும் அவ்வேளையில்தான் பேச்சு வந்தது. தகரக் கூரையின் கீழே தடித்த பருத்திச் சட்டையோடு பயிலும் பிள்ளைகளுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் என்பதைப் பாடமாகவே வைத்திருக்கலாம்.

உணவைப் பற்றி ஒரு வரி: நல்லூர்த் திருவிழாக் காலமாதலால் ஐந்து நாளும் மரக்கறிச் சோறு, குறைசொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதைச் சாப்பிட்ட கையோடு ஒன்றரை மணிக்கு ரான்டோரி எனும் சுயேச்சை மோதல் பயிற்சி என்று நேரசூசியில் போட்டவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்க மாட்டார். வீதித்தடைகளைச் சுற்றி வந்ததால் காலையில் பாதிப்பேர் பிந்தியதும் அமைப்பாளர்கள் முன்கூட்டியே கணித்திருக்க வேண்டிய விடயம்.

மூன்றாம் நாள் சிறுவர் பாதுகாப்பு அமர்வை நடத்தியவர் ஜூடோ அறியாத ஓர் உத்தியோகத்தர். சட்டத்தையும் 1929 எனும் முறைப்பாட்டு இலக்கத்தையும் நன்றாகவே விளக்கினார். ஆயினும் பிள்ளையைத் தொடாமல் கற்பிக்க முடியாத விளையாட்டு இது. சட்டையின் கழுத்துப்பட்டியைப் பிடிக்க வேண்டும், இடுப்பைச் சுற்றிக் கைபோட வேண்டும், தரைப்பிடிகளில் உடம்பின் பாரத்தையே மற்றவர் மேல் வைக்க வேண்டும். ஓர் ஆண் பயிற்றுநர் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு ஒசைகோமியை, அதாவது தரையில் அமுக்கிப் பிடிப்பதை, எவ்வாறு காட்டுவது என்று என் பக்கத்தில் இருந்த இளைஞர் கேட்டார். தேவையான இடங்களில் மட்டும் தொடவும் என்ற பதிலோடு அமர்வு முடிந்தது. இரண்டு மூத்த மாணவிகளைக் கொண்டு பிடியைக் காட்டுவது, தொடுவதற்கு முன்னர் எங்கே பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிப் பிள்ளையின் சம்மதம் பெறுவது, மண்டபக் கதவைத் திறந்தே வைத்து வெளியே ஸ்கூட்டியில் காத்திருக்கும் தாய்மாரை உள்ளே வந்து இருக்கச் சொல்வது என நாங்கள் மூன்று பெண்களும் தேநீர் வேளையில் எங்களுக்குள் பேசித் தீர்த்தவை மேடையில் பேசப்பட்டிருக்க வேண்டியவை.

கையேடு இந்தப் பயிற்சிநெறியின் பலவீனமான பகுதி. தரைப்பிடியில் 25 வினாடிகள் வைத்திருந்தால் இப்போன், அதாவது ஆட்டத்தை முடிக்கும் முழுப் புள்ளி, என்று அச்சிட்டிருக்கிறார்கள்; அது 2013 இலேயே 20 வினாடிகளாகிவிட்டது. 2017 இல் கைவிடப்பட்டு 2025 இல் திரும்பி வந்த யூக்கோ எனும் சிறு புள்ளி பற்றியும், ஐந்து வினாடிப் பிடிக்கு யூக்கோ, பத்துக்கு அதைவிடப் பெரிய வசாரி என்பது பற்றியும் வாய்மொழியாகத் திருத்தம் சொன்னார்கள். சரி, ஆனால் எங்களோடு வராதவர் அந்தக் கையேட்டை இரவல் வாங்கிப் படித்தால் என்னாகும்? அத்துடன் அது முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. விரிவுரைகளைச் சிங்களத்திலிருந்து தமிழாக்கிய இளம் உரைபெயர்ப்பாளர் தம்மால் இயன்றதைச் செய்தார், குசுஷி என்பதற்கு அவர் சட்டென்று சொன்ன ‘நிலை குலைத்தல்’ என்ற சொல்லை இப்போது எங்கள் கழகத்திலும் பாவிக்கிறோம். ஆனால் எழுத்தில் இல்லாத மொழிபெயர்ப்பை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. போசாக்கு, உளவியல் அமர்வுகள் வேறெந்தப் பயிற்சிநெறியிலும் கேட்கக்கூடியவைதான்.

இனி செய்முறைப் பரீட்சை. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். ஒரு நுட்பத்தைத் ‘தொடக்கநிலை மாணவர்களுக்கு’ கற்பிக்க வேண்டும். மாணவர்களாக நின்றவர்கள் சக பயிலுநர்கள். எனக்குக் கிடைத்தது பின்னோக்கிய உகெமி. பதற்றத்தில், குந்திய நிலையிலிருந்து பின்னே சாய்ந்து கைகளால் தரையை அடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, நாடியைப் பற்றியோ கைகளை எப்போது எந்தக் கோணத்தில் அடிப்பது என்பது பற்றியோ ஒன்றும் சொல்லாமல் விட்டேன். என் முன்னால் இருந்த மூன்று கறுப்புப் பட்டிகளும் பூப்போல விழுந்தன. இருபது ஆண்டுகளாக விழுந்து பழகிய உடம்புகள் அவை. நான் பிழையாகச் சொல்லியிருந்தாலும் சரியாகவே விழுந்திருக்கும். மதிப்பீட்டாளர் என் குரல் தெளிவாக இருப்பதாகப் பாராட்டி நூற்றுக்கு எண்பத்தொரு புள்ளிகள் இட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே சொற்களை ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடம், பழக்கதோஷத்தில், சொல்லிவிட்டேன். சொன்னதை அப்படியே செய்தாள்: முதுகு தரையைத் தொடுவதற்கு முன்னரே இரண்டு கைகளையும் பின்னே நீட்டித் தரையை அடித்தாள். நல்லவேளை, குந்திய நிலைதான். மணிக்கட்டு சிறிது நொந்ததோடு போயிற்று. “அன்ரி, நீங்கள்தானே அடிக்கச் சொன்னீங்கள்” என்றாள். எண்பத்தொரு புள்ளிகளில் எத்தனையை அவள் குறைத்திருப்பாள் என்று யோசித்தேன். பரீட்சை நாளன்று அயலிலுள்ள ஒரு பாடசாலையிலிருந்து பத்துப் பிள்ளைகளை, பெற்றோரின் சம்மதத்தோடு, வரவழைத்திருந்தால் எங்களில் பாதிப்பேர் தேறியிருக்க மாட்டோம். அது அமைப்பாளர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். எங்களுக்கு நன்மையாக இருந்திருக்கும்.

லண்டனின் ஹரோவில் ஜூடோ கழகமொன்றில் உதவிசெய்யும் என் சித்தியின் மகனிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, பிரித்தானியாவில் முதலாம் நிலைச் சான்றிதழ் பெற்றவர் இன்னொரு பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் கற்பிக்கலாம், தனியே வகுப்பு நடத்த இரண்டாம் நிலை வேண்டும், முதலுதவியும் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியும் குற்றப் பதிவுச் சரிபார்ப்பும் வேறாக இருக்கின்றன என்றான். “அக்கா, உங்களுக்கு ஐந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டதா?” என்றும் கேட்டான். முடிந்துவிடவில்லை, அதை அமைப்பாளர்களின் பக்கத்தில் நின்று சொல்லவும் வேண்டும். சான்றிதழோடு ஒரு பதிவேடும் தருகிறார்கள். தகுதிபெற்ற பயிற்றுநர் ஒருவரின் கண்முன்னால் இருபது வகுப்புகளை நடத்தி ஒவ்வொன்றுக்கும் அவரது குறிப்பையும் கையொப்பத்தையும் பெற்றால்தான் சான்றிதழ் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படும். ஐந்து நாள் திட்டத்தில் மிகச் சிறந்த சிந்தனை இதுதான். கையொப்பமிடுவதற்கு அருகில் யாரும் இல்லை என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

ஏற்கெனவே கழகம் நடத்துபவர்கள், குறிப்பாக என்னைப்போல் திறப்பைக் கையில் வாங்கியவர்கள், அடுத்த முறை அறிவித்தல் வந்ததும் விண்ணப்பியுங்கள். கையேட்டை நம்பாமல் ஒரு கொப்பியைக் கொண்டுபோங்கள், முதல் இரண்டு நாட்களில் அது நிறைந்துவிடும். ஜூடோவே அறியாமல், சான்றிதழ் ஒன்று சேரட்டும் என்று வர நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் முதலில் ஓராண்டு மெத்தையில் விழுந்துவிட்டு வருவது நல்லது. நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறுகிறேன். அங்கே ஒரு மூத்த பயிற்றுநர் மண்டபத்தின் ஓரத்தில் கதிரை போட்டிருந்து பார்க்கிறார். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவர் எழுதிய குறிப்பு ஒரே வரி: பிள்ளைக்குப் பின்னால் நிற்காதே, பக்கத்தில் நில். இன்னும் பத்தொன்பது பக்கங்கள் இருக்கின்றன.