குஞ்சுகளுக்கான வெப்பத் தகடு: பினாங்கு வீடுகளுக்கு ஏற்றதா?

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கொல்லையில் கம்போங் கோழி வளர்ப்பவர்களிடம் குஞ்சுகளுக்குச் சூடு கொடுப்பது எப்படி என்று கேட்டால், அட்டைப் பெட்டிக்கு மேல் ஒரு பல்பைத் தொங்கவிட்டால் போதும் என்பார்கள். அந்தப் பல்புக்கு மாற்றாக இணையத்தில் விற்கப்படும், நான்கு கால்களில் நிற்கும் வெப்பத் தகட்டை வாங்கி, இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளை அதனடியில் வளர்த்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். பின்னர் இறகு முளைக்க முளைக்க, வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊரில் தகரக் கூரைக்கடியில் மதிய வெப்பமே இந்த அளவைத் தொட்டுவிடுகிறது. அந்நேரத்தில் 250 வாட் அகச்சிவப்புப் பல்பும் எரிந்தால் சிறிய பெட்டி முழுவதும் கொதித்துப்போய், குஞ்சுகள் இறக்கையைத் தளரவிட்டு, வாயைத் திறந்து மூச்சிரைத்தபடி மூலைகளில் ஒதுங்கும். சரி என்று அணைத்துவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் மழை கொட்டும்போது திரும்பப் போட்டுவிட வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

தகடு இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. பெட்டியை அது சூடாக்குவதில்லை. தாய்க்கோழியின் வயிற்றைப் போலத் தன் அடியில் வந்து ஒண்டும் குஞ்சின் முதுகை மட்டும் சூடாக்குகிறது. மதியத்தில் எல்லாம் வெளியே மரச்சீவலைக் கிளறிக்கொண்டிருக்கும். மழைக்காற்று வீசியதும் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து, விளிம்பில் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரியும். பின்கால்களைத் தாழ்வாகவும் முன்கால்களைச் சற்று உயரமாகவும் பொருத்தினால், சிறியதும் பெரியதும் தத்தம் உயரத்துக்கேற்ற இடத்தைத் தேடிக்கொள்ளும். முதுகு தகட்டில் இலேசாக உரச வேண்டும் என்பதே கணக்கு. விளக்கொளி இல்லாததால் இரவில் அவை உண்மையாகவே உறங்குகின்றன.

மின்செலவிலும் வேறுபாடு பெரிது. 250 வாட் பல்ப் நாள் முழுவதும் எரிந்தால் 6 யூனிட் ஆகும். 22 வாட் என்று அச்சிடப்பட்ட இந்தத் தகட்டுக்கு அரை யூனிட்டுக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகிறது. உமியும் மரச்சீவலும் நிறைந்த பெட்டிக்குள் பல்ப் அறுந்து விழுந்து தீப்பிடிக்குமோ என்ற அச்சமும் இல்லை.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. எனக்கு வந்தது இரண்டு முள் பிளக். நம் மூன்று முள் சாக்கெட்டுக்கு அடாப்டர் தனியாக வாங்க நேர்ந்தது. இரவு முழுவதும் ஓட வேண்டிய கருவிக்குத் தளர்ந்த அடாப்டரை நம்புவது சரியில்லை என்று விற்பனையாளருக்கு எழுதியும் பதில் வரவில்லை. தகட்டிலுள்ள சிறிய சிவப்பு விளக்கு மின்சாரம் வருவதை மட்டுமே காட்டுகிறது; தகடு சூடாகிறதா என்பதைக் கையை உள்ளே விட்டுத்தான் அறிய வேண்டும். இரண்டாம் வாரத்தில் குஞ்சுகள் மேலே தாவி ஏறி எச்சமிடுவதால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது. இருபது குஞ்சுகள் வரை என்று தகடு வந்த பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், அவை வளர்ந்ததும் பதினைந்துக்கே இடம் நெருக்கடிதான்.

விற்பனைக்காக நூற்றுக்கணக்கில் பொரிப்பவர்களுக்கு இது உதவாது. வீட்டுத் தேவைக்குப் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை வளர்ப்பவர்கள், மூன்று முள் பிளக்குடன் அனுப்புவதாக உறுதியளிக்கும் விற்பனையாளரிடம் தாராளமாக வாங்கலாம்.