அடைத்துக் கிடந்த வீட்டில் பூச்சி பார்ப்பது: காவல்காரரா, கம்பெனியா, ஆசாரியா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் செட்டிநாட்டு ஊர்களில் பூட்டுகள் திறக்கத் தொடங்குகின்றன. நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கலுக்கு வருகிறவர்கள், பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் பங்காளிகள் கூடி முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வீட்டைத் தயார் செய்ய வருகிறவர்கள் என எல்லோருக்கும் முதல் கவலை ஒன்றுதான். மழைக்காலம் முழுக்க ஆள் இல்லாமல் அடைத்துக் கிடந்த வீட்டில் கரையான் ஏறியிருக்கிறதா, எலி குடியிருக்கிறதா, உத்தரம் உளுத்திருக்கிறதா?

இதைப் பார்த்துச் சொல்ல நம் ஊரில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் வீட்டைக் கவனிக்கும் காவல்காரர் சொல்வதைக் கேட்கலாம். பூச்சி மருந்து கம்பெனியை அழைக்கலாம். அல்லது ஓர் ஆசாரியை நாள் கூலிக்கு அமர்த்தி, அவரோடு நாமே சுற்றி வரலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மருந்து விற்பவரிடம் நோய் பார்க்கச் சொல்லக் கூடாது. பார்ப்பவர் ஒருவராகவும் மருந்து அடிப்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும்.

காவல்காரரின் பலம், அவர் எப்போதும் அங்கேயே இருப்பது. எந்த மழையில் எந்த மூலை ஒழுகியது, ஈசல் எந்தச் சுவரோரம் கிளம்பியது என்று அவருக்குத்தான் தெரியும். மழை விட்ட மாலையில் வீட்டுக்குள்ளிருந்து ஈசல் பறந்தது என்றால், வீட்டை ஒட்டியோ உள்ளேயோ முதிர்ந்த புற்று ஒன்று இருக்கிறது என்று பொருள். எந்தக் கருவியும் தராத தகவல் அது. ஆனால் அவரிடம் கேட்கும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "வீடு எப்படி இருக்கிறது?" என்றால், "நன்றாகத்தான் இருக்கிறது, ஆச்சி" என்றுதான் பதில் வரும். எந்த ஓடு நகர்ந்தது, எங்கே ஈரம் காயவில்லை, எந்த அறையைத் திறக்கவே இல்லை என்று கேட்டால் உண்மை வெளியே வரும். இன்னொரு சிக்கல், கூட்டிச் சுத்தமாக வைப்பது தம் கடமை என்று அவர் நினைப்பது. நாம் வருவதற்கு முதல் நாள் கரையான் மண் தடத்தை விளக்குமாற்றால் தட்டிவிட்டு, கதவடியில் கிடந்த மரத்தூளைப் பெருக்கி எறிந்திருப்பார். வீடு பளிச்சென்று இருக்கும். தடயம் ஒன்றும் இருக்காது. வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்: நாங்கள் பார்க்கும் வரை எதையும் பெருக்க வேண்டாம்.

கம்பெனி ஆட்கள் விரைவாக வருகிறார்கள், பார்ப்பதற்குப் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. இலவசம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. பார்த்துவிட்டு "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொன்னால் அவர்களுக்கு வருமானம் இல்லை. அவர்கள் கொடுக்கும் மதிப்பீடு வீட்டின் சதுர அடியை வைத்துப் போடப்படுகிறது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகையாகும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களில் நல்ல பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஈரமானியை வைத்துச் சுவரை அளப்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் பார்த்துப் பழகியது கான்கிரீட் அடுக்ககம். நாட்டு ஓட்டுக்கு அடியில் இருக்கும் பனஞ்சட்டத்தையோ, சுவருக்குள் புதைந்த உத்தர முனையையோ எங்கே தட்டிப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆசாரிக்குத் தெரிகிறது. தட்டும் ஓசையிலேயே உள்ளே கூடா, கெட்டியா என்று சொல்லிவிடுவார். நம் வீடுகளின் பர்மா தேக்கைக் கரையான் அத்தனை எளிதில் தொடுவதில்லை. ஆனால் அந்தக் காப்பு வைரம் பாய்ந்த நடுமரத்துக்குத்தான். ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு இல்லை. பிற்காலத்தில் பழுது பார்த்தபோது ஒட்டுப் போட்ட நாட்டு மரம், அலமாரிக்கு அடித்த பிளைவுட், சட்டம் போட்ட படங்களின் பின்னட்டை ஆகியவைதான் கரையானுக்கு முதல் விருந்து. எது பழைய மரம், எது ஒட்டு என்று ஒரு பார்வையில் பிரித்துச் சொல்ல ஆசாரியால் முடியும். அவரிடம் விற்க மருந்தும் இல்லை. மரத்தை மாற்றச் சொல்வதில் அவருக்கும் ஆதாயம் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் குத்தூசியைக் குத்திக் காட்டச் சொன்னால், அது உள்ளே இறங்குகிறதா இல்லையா என்று நம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அவரோடு சுற்றும்போது மேலிருந்து கீழே வர வேண்டும். பூச்சி தனியாக வருவதில்லை, ஈரத்தோடு வருகிறது. அணிலோ எலியோ கூரை ஓடுகளை நகர்த்துகிறது, அந்த இடைவெளியில் மழை இறங்குகிறது, சட்டம் நனைகிறது, நனைந்த மரத்தைத் தேடிக் கரையான் அடித்தளத்திலிருந்து மண் தடம் கட்டி மேலே ஏறுகிறது. எனவே முதலில் ஓடு, பிறகு சட்டம், பிறகு உத்தரம் சுவரில் சேரும் இடம், பிறகு வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள தூண்களின் அடி, கடைசியாக நிலைக்கதவுகளின் கீழ்ப்பகுதி. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், நேராக அடிக்கும்போது தெரியாத மண் தடம் நிழலோடு தெரியும்.

தடம் கண்டால் முழுவதையும் இடிக்கக் கூடாது. நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்து, சில நாள் விட்டுப் பார்க்க வேண்டும். திரும்பக் கட்டியிருந்தால் கரையான் உயிரோடு வேலை செய்கிறது. கட்டாவிட்டால் போய்விட்டது என்று உடனே மகிழ்ந்துவிடவும் முடியாது. வேறு வழி பிடித்திருக்கலாம். மரத்தடியில் விழுந்திருக்கும் தூளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மிக மென்மையான மாவாக இருந்தால் மரம் துளைக்கும் வண்டு. கசகசாவைப் போல மணிமணியாக இருந்தால் மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். தரையில் மருந்து ஊற்றுவதால் இந்த இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் தரை முழுக்கத் துளை போட்டவர்கள், அடுத்த ஆண்டும் அதே கட்டிலுக்கு அடியில் அதே தூளைப் பார்க்கிறார்கள்.

இங்கே பங்காளி வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. வீடு ஒன்று, பங்கு பல. ஒவ்வொரு பங்குக்கும் தனி அறை, தனிப் பூட்டு. சாவி ஒருவரிடம் மலேசியாவில் இருக்கும், இன்னொருவரிடம் கோவையில். திறக்காத ஓர் அறையில் கரையான் இருந்தால், மற்ற அறைகளைப் பார்த்ததும் மருந்து அடித்ததும் வீண். எல்லோரும் கூடும் படைப்பு நாளில்தான் எல்லாச் சாவியும் ஊருக்கு வரும். ஆசாரியை அன்றைக்கோ மறுநாளோ வரச் சொல்லி, அத்தனை அறைகளையும் ஒரே நாளில் திறந்து பார்ப்பதுதான் முறை. இதற்காகப் பெரியவர்களிடம் கொஞ்சம் வலியுறுத்திப் பேச வேண்டியிருந்தாலும் பேசத்தான் வேண்டும்.

பார்த்தாயிற்று, கரையான் உறுதி என்றால் அப்போது கம்பெனி வரட்டும். இங்கேதான் இரண்டாவது ஒப்பீடு, என் மனத்துக்கு மிக நெருக்கமானதும்கூட.

வழக்கமான முறை துளையிட்டு மருந்து செலுத்துவது. கட்டி முடித்த கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மி.மீ. துளைகளை 300 மி.மீ. இடைவெளியில் இடச் சொல்கிறது. அதன் வழியே இமிடாகுளோபிரிட், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து மண்ணுக்குள் இறங்கித் தடுப்பாக நிற்கும். முறையில் குறையில்லை, பலன் விரைவாகத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 30 மீட்டர் சுவருக்கு ஒரு பக்கம் மட்டும் 100 துளை. அந்தத் துளைகள் விழுவது ஆத்தங்குடிக் கல்லின் மேல். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கல் அது. ஆத்தங்குடியில் இன்றும் புதுக் கல் வாங்கலாம். பல்லாண்டுக் காலம் மிதிபட்டு மெருகேறிய பழைய கல்லின் நிறத்தோடு அது சேராது. வெள்ளைச் சிமெண்டால் துளையை அடைத்த தரையைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. சில வீடுகளில் இத்தாலியப் பளிங்கும் ஜப்பான் டைல்ஸும் இதே கதிக்கு ஆளாகியிருக்கின்றன.

மாற்று முறை தூண்டில் பெட்டி. வீட்டைச் சுற்றி மண்ணில் பெட்டிகளைப் புதைத்து, கரையான் தோலுரிப்பதைத் தடுக்கும் இரையை அதில் வைப்பார்கள். கரையான் அதைத் தின்று, கூட்டுக்கும் ஊட்டும். கூடு மெல்ல அழியும். தரையில் ஒரு கீறல்கூட விழாது. கிணற்றுக்கும் பயமில்லை, கொல்லைக் கிணற்றை ஒட்டி மண்ணில் மருந்து இறக்குவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறை என்னவென்றால் காலம். வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பெட்டிகளை அவ்வப்போது திறந்து பார்த்து இரை நிரப்ப ஆள் வேண்டும். செலவும் கூடுதல். ஆள் இல்லாத வீட்டுக்கு இது ஒத்துவராது என்பார்கள். காவல்காரர் இருக்கிறார், பெட்டி எங்கே இருக்கிறது, என்ன பார்க்க வேண்டும் என்று கம்பெனி ஆள் ஒரு முறை காட்டிக் கொடுத்தால் போதும், இரை தீர்ந்ததை அவர் சொல்லிவிடுவார்.

நான் தேர்ந்தெடுப்பது இரண்டையும் கலந்த வழி. துளையும் மருந்தும் வெளிச்சுவரின் அடிமானத்தோடு நிற்கட்டும், கிணற்றுப் பக்கத்தை விட்டுவிட்டு. வீட்டுக்குள் ஏறிய கரையானுக்குத் தூண்டிலும், பாதிக்கப்பட்ட மரத்தில் மட்டும் ஊசி வழி மருந்தும். உள்ளே துளைதான் வழி என்ற நிலை வந்தால், கல்லின் மேல் இல்லாமல் இரண்டு கல் சேரும் இணைப்பில் இட வேண்டும்.

மண்ணெண்ணெய் தெளிப்பதும் கழிவு எண்ணெய் பூசுவதும் இந்தப் போட்டியில் சேரவே தகுதியற்றவை. மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், பழைய மின்கம்பி ஓடும் வீட்டில் தீப்பற்றவும் வழி செய்யும். சாம்பிராணிப் புகைக்குக் கரையான் அசையாது.

எலிக்கு வருவோம். கூண்டு நல்லதுதான், ஆனால் தினமும் பார்க்க ஆள் இருந்தால் மட்டும். விஷ இரை தின்ற எலி சில நாள் கழித்து மச்சில் எங்கோ செத்து, நாம் கல்யாணத்துக்குத் திறக்கும் நாளில் நாறும்; அதைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சாகவும் கூடும். தானியக் கிடங்குகளில் நச்சுப் புகைக்கு வைக்கும் செல்பாஸ் மாத்திரையை வீட்டுக்குள் வைப்பது மனித உயிருக்கே ஆபத்து. பூட்டிய வீட்டுக்கு மிஞ்சுவது ஓட்டை அடைப்பதுதான்: 12 மி.மீ. இடைவெளி இருந்தால் குட்டி எலி நுழைந்துவிடும். சாக்கடை வாய்க்கும் வளவுத் தண்ணீர் வெளியேறும் துளைக்கும் கம்பி வலை போட வேண்டும். புதிய புழுக்கை கறுத்து மினுங்கும், பழையது சாம்பல் நிறத்தில் பொடியும். இதை வைத்து இப்போது குடியிருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லிவிடலாம். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். அரை மணி நேரம் சன்னல்களைத் திறந்து வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் நனைத்து, கையுறையோடு அள்ளுங்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் எலியின் சிறுநீர் வழியாக வருகிறது. கொட்டகையில் கார் நிற்கிறது என்றால், சாவி போடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து மின்கம்பிகளைப் பாருங்கள்.

வௌவால் இருந்தால் மருந்து தேவையே இல்லை. அந்தியில் வெளியே போன பிறகு நுழைவழியை வலையால் அடைத்தால் போதும், குட்டிகள் உள்ளே இல்லாத காலமாகப் பார்த்து. எச்சம் அள்ளுகிறவர் முகக்கவசம் போடட்டும். பாம்புச் சட்டை கண்டால் நீங்களாக எதையும் புரட்டாமல் 101க்கு அழையுங்கள், தீயணைப்புத் துறையினர் வருவார்கள். மரநாய் என்றால் வனத்துறை. அது சட்டப் பாதுகாப்பு பெற்ற விலங்கு.

கம்பெனியிடம் வேலை கொடுக்கும்போது மதிப்பீட்டில் நான்கு செய்திகளை எழுதி வாங்குங்கள்: எந்தப் பூச்சிக்கு, எந்த மருந்து, உள்தரையில் எத்தனை துளை, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம். ஆசாரி சாக்பீஸால் குறியிட்ட இடங்களை அழிக்காமல் வைத்து, கம்பெனி ஆளை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஓடு மாற்றும் வேலை மட்டும் மருந்துக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். ஓடு மாற்றும் ஆட்கள் மாசிக்குப் பிறகு கோயில் வேலைக்குப் போய்விட்டால் கிடைப்பது கடினம்.