துருத் தண்ணிக்கு 45,500 ரூபாய்

கோயம்புத்தூர்ல "வியர்வை வழியா ஈயம், பாதரசம் எல்லாத்தையும் வெளியேத்தறோம்"னு போர்டு வெச்ச ஒரு இடத்துல 45,500 ரூபாயையும் ரெண்டு மாசத்தையும் தொலைச்சேன். பேர் போட மாட்டேன், புகார் நடந்துட்டிருக்கு. அதுவுமில்லாம இதே ரகத்துல ஊருக்கு நாலு கடை இருக்கு.

எனக்கு வயசு 43. ஒரு வருஷமாவே அசதி. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்கும், சீப்பு நிறைய முடி. வயசாகுது, ஆபீஸ் டென்ஷன்னு நானே காரணம் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்போதான் எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுல சி பிளாக் அக்கா ஒரு போட்டோ போட்டாங்க. தொட்டிக்குள்ள ரெண்டு கால், சுத்தியும் சாக்கடை நிறத்துல தண்ணி. "அரை மணி நேரத்துல என் உடம்புல இருந்து வந்தது"ன்னு எழுதியிருந்தாங்க. அதைப் பாத்துட்டு யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

அங்க வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு. டாக்டரான்னு கேக்கக்கூடத் தோணல. முதல் கேள்வியே, "வீட்ல ஈயச் சொம்புல ரசம் வெப்பீங்களாக்கா?"

"ஆமா கண்ணு, எங்க மாமியார் குடுத்தது."

"அதானுங்க்கா. லெட்!"

அன்னிக்கு ராத்திரியே சொம்பைத் தூக்கிப் பரண்ல போட்டேன். பதினெட்டு வருஷமா வீட்டுக்காரருக்கும் பசங்களுக்கும் விஷத்தை ஊத்திட்டு இருந்திருக்கேனேன்னு அழுதுட்டுத்தான் தூங்கினேன். ஈயச் சொம்புல இருக்கறது வெள்ளீயம், அதாவது டின். லெட்ங்கறது காரீயம், அந்த போர்டுல ஈயம்னு போட்டிருந்தது இதைத்தான். ரெண்டும் வேற வேற உலோகம்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கேன், பயத்துல ஞாபகம் வரல. (காரீயம் கலந்த மட்டச் சொம்பும் சந்தையில உண்டுங்கறது உண்மைதான். அதுக்கு சொம்பைச் சோதிக்கணும், என்னை இல்ல.)

அப்புறம் 9,500 ரூபாய்க்கு "ஹெவி மெட்டல் டெஸ்ட்". முதல்ல சில மாத்திரை குடுத்தாங்க, திறந்தா அழுகின முட்டை வாடை. அதை முழுங்கி ஆறு மணி நேரம் சிறுநீரைச் சேத்துக் குடுக்கணும். ரிப்போர்ட்ல லெட் கோடு பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, சிவப்புல போய் நின்னுச்சு. உடனே 36,000 ரூபாய் பேக்கேஜ்: 15 தடவை இன்ஃப்ராரெட் சானா, கூடவே போட்டோல பாத்த அந்தக் கால் தொட்டி (உப்புத்தண்ணியில காலை வெச்சா, தண்ணிக்குள்ள கரண்ட் விடுவாங்க), ஒரு லேபிள் இல்லாத சூரணம்.

சானாங்கறது உள்ள சூடேத்தற மரப்பெட்டி. கதவைச் சாத்தி 40 நிமிஷம். முதுகுல வியர்வை கோடு கோடா இறங்கும். அதைத் துடைச்ச வெள்ளைத் துண்டை அந்தப் பொண்ணு வெளிச்சத்துல பிடிச்சு, "பாருங்க்கா, எவ்ளோ அழுக்கு"ன்னு காட்டும். டவுன் பஸ்ல வந்தவ முதுகுல அழுக்கு இல்லாம என்ன இருக்கும்? ஆனா அப்போ நம்பினேன். ரெண்டாவது தடவையிலயே தலை சுத்துச்சு. "நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், நல்ல அறிகுறி"ன்னாங்க. நான் பிபிக்கு நீர் பிரியற மாத்திரை சாப்பிடறவ. அதை யாரும் கேக்கல, நானும் சொல்லல. ஆறாவது தடவை பெட்டியை விட்டு எழுந்தது ஞாபகம் இருக்கு. அடுத்த ஞாபகம் தரை.

ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு. கண் இமையைக் கீழ இழுத்துப் பாத்தாங்க. நகத்தைப் பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "அரிசி திங்கற பழக்கம் இருக்குங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டப்பாவுல இருந்து ஒரு பிடி பச்சரிசியை வாயில போட்டு மெல்லறது ஒரு வருஷமா என் ரகசியம். கல்யாணத்தன்னிக்கு மழை வரும்னு சின்ன வயசுல அம்மா திட்டுவாங்க, இப்போ திட்ட ஆளில்லைன்னு நினைச்சிருந்தேன். இரும்புச்சத்து கொறைஞ்சா அப்படி ஆசை வருமாம். ஹீமோகுளோபின் 7.4, உடம்புல இருப்பு வெச்சிருக்கற இரும்பைக் காட்டற ஃபெரிட்டின் 5. கர்ப்பப்பையில கட்டி, மாசாமாசம் ரத்தம் அதிகமா போயிருக்கு. அசதி, மூச்சு, முடி எல்லாத்துக்கும் அதுதான் காரணம். என் மனசு ஆறட்டும்னு ரத்தத்துல லெட்டும் பாத்தாங்க. டெசிலிட்டருக்கு 2.1 மைக்ரோகிராம். 5ஐத் தொட்டா அது எங்கிருந்து வருதுன்னு தேடச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம்.

அப்போ அந்தச் சிவப்புக் கோடு? அந்த முட்டை வாடை மாத்திரை உலோகத்தைப் பிடிச்சு இழுத்து சிறுநீர்ல தள்ளற மருந்தா இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. உண்மையான ஈய விஷத்துக்கு ஆஸ்பத்திரியில குடுக்கறது. எல்லார் உடம்புலயும் துளி ஈயம் இருக்கும், யாருக்குக் குடுத்தாலும் கூடுதலா வரும். அந்தக் கணக்கை, மாத்திரையே சாப்பிடாதவங்க அளவோட ஒப்பிட்டா சிவப்புதான். ரிப்போர்ட்டோட அடியில எறும்பு சைஸ் எழுத்துல அதை அச்சடிச்சே வெச்சிருக்கான்: 'இந்த அளவுகள் மருந்து தராமல் எடுத்த மாதிரிகளுக்கானவை.' 9,500 குடுத்த நான் அந்த வரியைப் படிக்கல.

வியர்வைல ஈயமே வராதான்னு டாக்டர்கிட்ட சண்டை பிடிச்சேன். வரும், கொஞ்சூண்டு. வியர்வைங்கறது 99 சதவீதம் தண்ணி, மீதி பெரும்பாலும் உப்பு. அதோட வேலை உடம்பைக் குளிர வைக்கறது. ஈயத்தை வெளிய அனுப்பறது முக்கியமா சிறுநீரகம், அப்புறம் பித்தம் வழியா மலம். மீன்ல இருந்து வர்ற மெத்தில் பாதரசமும் பெரும்பாலும் மலத்துலதான் போகுது, பாதி போகவே ஏறக்குறைய 50 நாள் ஆகும். பெரியவங்க உடம்புல ஈயம் 90 சதவீதத்துக்கு மேல எலும்புல போய் உக்காந்துக்கும், வருஷக்கணக்கா. மரப்பெட்டியில உக்காந்தா எலும்பு வேர்க்குமா?

சூடு சும்மா விளையாட்டில்ல. 2009ல அமெரிக்காவுல செடோனாங்கற ஊர்ல, சுத்திகரிப்புன்னு சொல்லி சூடேத்தின கூடாரத்துல உக்கார வெச்சதுல 3 பேர் செத்தாங்க. நடத்தினவர் ஜெயிலுக்குப் போனார். நான் தரையில விழுந்ததோட தப்பிச்சேன்.

கால் தொட்டிக் கதைதான் எனக்குத் தாங்கல. என் அண்ணன் பையன் பாலிடெக்னிக் படிக்கறான். "அத்தை, இது பத்தாங்கிளாஸ் கெமிஸ்ட்ரி"ன்னான். பழைய டப்பாவுல உப்புத்தண்ணி, ரெண்டு இரும்பு ஆணி, ஒரு 12 வோல்ட் அடாப்டர். கால் மணி நேரத்துல முதல்ல மஞ்சள், அப்புறம் செங்கல் நிறம், அடியில பச்சையும் பழுப்புமா கசடு. அந்தக் கால் தொட்டியில வந்த அதே நீச்சல்குள வாடை. கால் எதுவும் உள்ள இல்ல. (வாடை குளோரின், மூடின ரூம்ல செஞ்சு பாக்காதீங்க.) அந்தத் தண்ணியில இருந்தது இரும்புத் துரு. உடம்புல இரும்பே இல்லாதவளுக்குக் காலடியில துருவைக் காட்டி, உங்ககிட்ட உலோகம் ஜாஸ்தின்னு காசு வாங்கியிருக்காங்க.

நிஜமாவே ஈயம் பாக்க வேண்டியவங்க இருக்காங்க. பழைய பேட்டரி உடைக்கற, ஈயப்பத்து வைக்கற வேலை செய்யறவங்க, பழைய பெயின்ட் சுரண்டறவங்க, யார் செஞ்சதுன்னு தெரியாத பற்பம், செந்தூரம் சாப்பிடறவங்க. அவங்களுக்கும் வேண்டியது ரத்தப் பரிசோதனை, மாத்திரை குடுத்து எடுக்கற சிறுநீர் இல்ல. அந்த லேபிள் இல்லாத சூரணத்தை டாக்டர் குப்பையில போடச் சொன்னாங்க. நான் போடல, சாட்சியா வெச்சிருக்கேன்.

மீதி ஒன்பது தடவைக்குப் பணம் கேட்டேன். "நீங்கதானே பாதியில நிறுத்துனீங்க"ன்னாங்க. பில்லை அப்போதான் ஒழுங்காப் பாத்தேன்: சிகிச்சைன்னு ஒரு வார்த்தை இல்ல, 'வெல்னஸ் சர்வீஸ்'. 1915ங்கற நுகர்வோர் உதவி எண்ல பதிஞ்சு பாத்தேன், அசையல. இப்போ மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல குடுத்திருக்கேன். குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நாமளே பேசலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில், ரிப்போர்ட், அவங்க அனுப்பின வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீங்க.

இரும்பு ஊசி போட்டு ஹீமோகுளோபின் இப்போ 10.8. அரிசி டப்பா பக்கம் கை போறதில்ல. சொம்பு பரண்ல இருந்து இறங்கிடுச்சு.

போன ஞாயித்துக்கிழமை லிஃப்ட்ல சி பிளாக் அக்காகிட்ட ஆணி, அடாப்டர் எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "உனக்கு ஒத்துக்கல போலடி. எனக்கு இன்னும் கறுப்பாத்தான் வருது, எவ்ளோ இருக்குன்னு பாத்துக்கோ"ன்னாங்க.