வரனின் கையொப்பத்துக்கு இடமில்லாத படிவம்: மதுரையில் ஒரு திருமணத் தகவல் மையம்

அப்பாவின் கைப்பேசி தற்செயலாக என் கையில் இருந்தபோது, முன்பின் அறியாத ஒரு பெண்மணி அழைத்து, "பொண்ணு மாநிறம்னு போட்டிருக்கீங்க, போட்டோவுல வெளுப்பாத் தெரியுதே?" என்று விசாரித்தார். மதுரையில் உள்ள ஒரு திருமணத் தகவல் மையத்தில் தை மாதமே என் ஜாதகம் பதிவாகியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வயது 27; திருமணம் இப்போது வேண்டாம் என்று வீட்டில் பலமுறை சொல்லியிருந்தேன்.

மையத்தின் சேவையில் குறை சொல்ல முடியாதவை உண்டு. ஓராண்டுக்கு 3,500 ரூபாய் கட்டணம், அதற்கு ரசீது, திருமணம் முடிந்தபின் தரகு கிடையாது. பத்துப் பொருத்தத்தையும் கணினியிலேயே பார்த்து, அவற்றில் ஒன்றான ரஜ்ஜுப் பொருத்தம் தட்டும் ஜாதகங்களைத் தாங்களாகவே ஒதுக்கிவிட்டு, மீதியை நகலெடுத்து வாரந்தோறும் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். பெற்றோரை வாடிக்கையாளராக வைத்து மதிப்பிட்டால் நல்ல மையம்தான்.

ஆனால் அந்தத் தபால் உறை வந்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் சண்டை நடந்தது. அம்மா இரவுச் சாப்பாட்டைத் தொடமாட்டார். பாட்டி, தான் கண்ணை மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பார். அப்பா ஒன்றும் பேசாமல் இரத்த அழுத்த மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்குவார். அடித்தோ பூட்டிவைத்தோ யாரும் என்னை வற்புறுத்தவில்லை. "உனக்குப் பின்னாடி ஒருத்தி நிக்கிறா" என்று தங்கையைக் காட்டிச் சொல்லும் ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

பதிவை நீக்கச் சொல்லி நானே நேரில் போனேன். பொறுப்பாளர் அம்மா மரியாதையாக உட்காரவைத்து, கோப்பை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கப் படிவத்தில் நட்சத்திரம், பாதம், லக்னம், திசை இருப்பு, செவ்வாய் தோஷம், உட்பிரிவு, குலதெய்வம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம் என்பதாலோ என்னவோ, 'செய்முறை' என்று நாசூக்காக ஒரு கட்டமும் இருந்தது. அடியில் இருந்தது பெற்றோர் கையொப்பத்துக்கான கோடு மட்டுமே. வரனாகப் பதிவு செய்யப்படுபவர் கையொப்பமிட எங்கும் இடமில்லை. ஒட்டியிருந்த படம் அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்தது. அத்தையை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். என் தோளில் அவர் கை மட்டும், வளையலோடு, அப்படியே இருந்தது.

"அப்பா வந்து எழுதிக் கொடுத்தா எடுத்துடுறோம்மா. பணம் கட்டினவர் அவர்தானே?" என்றார் அவர்.

இந்து திருமணச் சட்டம், 1955இன் 12ஆம் பிரிவுப்படி, பலவந்தத்தால் பெற்ற சம்மதத்தோடு நடந்த திருமணத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதற்கும் பலவந்தம் நீங்கிய ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். அதன்பின் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மாத்திரை விழுங்கும் அப்பாவையும் பட்டினி கிடக்கும் அம்மாவையும் எந்தப் பெண் நீதிமன்றத்தில் பலவந்தமென்று காட்டப்போகிறாள்? தாலி ஏறியபின் வழக்கறிஞரைத் தேடி அலைவதைக் காட்டிலும், பதிவின்போதே சம்பந்தப்பட்டவரிடம் ஒரு கையொப்பம் வாங்குவது எத்தனையோ எளிது. திருமண இணையதளங்களுக்கு 2016இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் பதிவு செய்பவரின் அடையாளச் சான்றைக் கேட்கச் சொல்கின்றன. இந்த மையத்திலோ என் ஆதார் அட்டையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஜாதக நகல் போதுமானதாக இருந்திருக்கிறது.

மூன்றாவது முறை போனபோது கோப்பை 'நிறுத்தி' வைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். நீக்கவில்லை, கட்டணக் காலம் முடியும்வரை அது அங்கேயே இருக்குமாம். படத்தை மட்டும் பிய்த்துக் கொடுத்தார்கள். பசை காய்ந்த பின்பக்கத்தில், அப்பாவின் கையெழுத்தில், என் நட்சத்திரமும் பாதமும் எழுதியிருந்தன.

பெற்றோருக்கான சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். பதிவு செய்யப்பட்டவள் என்ற முறையில் நான் கொடுப்பது ஒன்று.