ஒரே முகம், ஒன்பது கட்டம்: கிரிட்டாவில் வரைந்த என் பொப் ஆர்ட் உருவப்படம்

கிரிட்டா என்ற இலவச வரைதல் மென்பொருளை நான் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். அதில் எத்தனையோ படங்கள் வரைந்திருந்தாலும், திரும்பத் திரும்பத் திறந்து வேலை செய்த கோப்பு ஒன்றுதான்: இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வளர்ந்த கதையைச் சொல்லும் சுய உருவப்படம், பொப் ஆர்ட் பாணியில், அதாவது விளம்பரம், சித்திரக்கதை போன்ற அன்றாட அச்சுப் படங்களைப் போலத் தட்டை நிறங்களில். உயர்தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்திருக்கும் பிள்ளைகள் சிலர் "அக்கா, அதை எதில செஞ்சீங்க, எப்படிச் செஞ்சீங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போட்டோவை உள்ளே போட்டதும் பொப் ஆர்ட்டாக மாற்றித் தரும் போன் செயலிகள் நிறைய உண்டு. நானும் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். படம் அழகாகத்தான் வரும். ஆனால் எந்தக் கோடு இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை அதுவே தீர்மானித்துவிடும். என் நெற்றியில் இருக்கும் சின்னத் தழும்பை அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. தோலையும் கேட்காமலே வெளுப்பாக்கியது. நாலைந்து தட்டை நிறங்களுக்குள் ஒரு முகத்தை அடக்கும்போது எதை விடுவது என்று நாமே முடிவெடுப்பதுதான் இந்த வேலையின் உயிர். அதைச் செயலியிடம் கொடுத்துவிட்டால் வரைய வேறு என்ன மிச்சம்?

மூலப்படமாக எடுத்தது தேசிய அடையாள அட்டைக்காகப் பிடித்த போட்டோ. கழுத்துவரை முகம், நேர்ப்பார்வை, சிரிப்பு கிடையாது. பொப் ஆர்ட்டில் பெயர் பெற்ற அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் தன் முதல் சுய உருவப்படங்களை 1963, 64இல் செய்தபோது, காசு போட்டால் தானாகப் படம் பிடிக்கும் போட்டோக் கூண்டில் எடுத்த படங்களைத்தான் வைத்துச் செய்தார். அந்த வகை முகத்தில் ஒரு நேர்மை உண்டு. ஆனால் எனக்கு வேறு காரணமும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில், அதாவது இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில், பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. எங்கள் அம்மாயி தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் அட்டை இல்லாமல் கழித்தவர். அட்டை எடுக்கும் வயது எனக்கு வந்ததும் கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்டூடியோவில் போய் நின்று சாதாரணமாக எடுத்துக்கொண்ட படம் அது. வளர்ந்த கதைக்கு அதைவிடப் பொருத்தமான முகம் எனக்குக் கிடைக்கவில்லை.

வளர்வதைக் காட்ட வேண்டும் என்றால் குழந்தை முகம், பள்ளி முகம், இப்போதைய முகம் என்று வரிசையாக வரையத்தான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் அது ஆல்பம், பொப் ஆர்ட் இல்லை. வோர்ஹோலின் 1966ஆம் ஆண்டுச் சுய உருவப்படம் ஒன்பது கட்டங்கள் கொண்டது. ஒன்பதிலும் ஒரே முகம்தான், நிறம் மட்டும் மாறும். அதையே எடுத்துக்கொண்டேன். அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் புள்ள, எல்லாத்துலயும் ஒரே மூஞ்சியா இருக்கு?" என்றார். "மூஞ்சி ஒண்ணுதாம்மா, வருசம் வேற" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எங்கள் லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டுச்) சுவர் நீலத்தில் இருந்த கட்டத்தைத் தொட்டு, "இது ஓம் மூணாம் வகுப்பு" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

இனி வேலைமுறை. கிரிட்டாவில் எனக்கு மிகவும் பிடித்த வசதி குளோன் லேயர். ஒரு லேயரை, அதாவது படத்தின் ஒரு அடுக்கை, குளோன் எடுத்தால் அது வெறும் பிரதி இல்லை. மூலத்தில் ஒரு புருவத்தைத் திருத்தினால் ஒன்பது கட்டத்திலும் புருவம் திருந்தும். முகத்தை நிறத்தில் வரையாமல் ஐந்து சாம்பல் அளவுகளில் மட்டும் வரைந்தேன்: முடிக்கும் கோட்டுக்கும் கறுப்பு, நிழலுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, உடுப்புக்கு ஒன்று, பின்னணிக்கு வெள்ளை. பிறகு ஒவ்வொரு குளோனுக்கும் கிரேடியன்ட் மெப் ஃபில்டரை மாஸ்க்காகப் போட்டு, இந்தச் சாம்பலுக்கு இந்த நிறம் என்று சொல்லிக் கொடுத்தேன். மூலப்படத்தில் கை வைக்காமலே ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம். துணி வலை வழியாக மை தள்ளும் சில்க் ஸ்கிரீன் அச்சில் ஒரே சட்டத்தை வைத்து மையை மட்டும் மாற்றுவார்களே, அதே வேலைதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரேடியன்ட் மெப்பில் நிறங்களைக் கலக்காமல் அருகிலுள்ள நிறத்தையே எடுக்கச் சொல்லும் தெரிவு உண்டு. பொப் ஆர்ட்டுக்கு அதுதான் வேண்டும். ஆனால் தூரிகையின் ஓரம் மென்மையாக இருந்தால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் புள்ளிகள் இருக்கும். அவற்றுக்கும் நிறம் விழும். உடனே தலைமுடியைச் சுற்றி மயிரிழை அகலத்தில் ஒரு ஆரஞ்சுக் கோடு ஓடும். தீர்வு சுலபம்: மூலப்படத்தை ஓரம் மழுங்காத, கூர்மையான பிக்ஸல் தூரிகையால் வரையுங்கள். ஏ3 அளவில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3508க்கு 4961 பிக்ஸலில் வேலை செய்தால் அச்சில் பல்லுப்பல்லாகத் தெரியாது. ஆனாலும் இரண்டு கட்டங்களில் அந்த ஆரஞ்சுக் கோட்டை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். மலிவான அச்சில் நிறம் சற்று நகர்ந்து விழுந்த மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய சாமிப்பட நாட்காட்டிகளும் அப்படித்தான் இருந்தன.

தோல் நிறத்தோடு பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொப் ஆர்ட் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அமெரிக்க ஓவியர் ரோய் லிக்டன்ஸ்டைனின் புள்ளிகள். பழைய சித்திரக்கதைப் புத்தகங்களில் குறைந்த செலவில் நிறச்சாயல் காட்டப் பயன்பட்ட பென் டே புள்ளி முறையை அவர் பெரிதாக்கி ஓவியமாக்கினார். அந்த முறையில் வெள்ளைத் தாளின் மேல் சிவப்புப் புள்ளிகளை இட்டால் தூரத்திலிருந்து தோல் நிறம் தெரியும். யாருடைய தோல்? தாள் வெள்ளையாக இருக்கும்போதே பாதித் தோல் வந்துவிடுகிறவர்களுடைய தோல். என் முகத்தில் அதை அப்படியே போட்டால் நான் காணாமல் போனேன். புள்ளியை நெருக்கினாலும், மண்ணிறம் ஆக்கினாலும், அம்மை போட்ட முகம் மாதிரி வந்ததே தவிர என் தோல் வரவில்லை.

கடைசியில் முறையைத் தலைகீழாக்கினேன். முகம் முழுக்கத் தட்டையான ஆழ்ந்த மண்ணிறம். வெளிச்சம் படும் கன்னம், மூக்குத் தண்டு, நெற்றியில் மட்டும் மஞ்சள் புள்ளிகள். படத்தைப் புள்ளிகளாக மாற்றும் கிரிட்டாவின் ஹாஃப்டோன் ஃபில்டரில் புள்ளியின் அளவு, கோணம், புள்ளி நிறம், பின்னணி நிறம் எல்லாவற்றையும் தனித்தனியே மாற்ற முடிவதால் இது சாத்தியமானது. நெற்றித் தழும்பில் மட்டும் புள்ளி விழாமல் விட்டேன். அந்த வெற்றிடமே தழும்பு. நல்ல கருந்தோல் உள்ள எவரும் இந்த முறையைச் செய்து பார்க்கலாம், தயங்க வேண்டாம்.

பின்னணிகளில் என்ன போடுவது என்பதில் எனக்கு அதிகம் யோசனை தேவைப்படவில்லை. 1962இல் வோர்ஹோல் 32 சூப் டின்களை வரிசையாக வரைந்தார். எங்களுக்கு பால்மா டின். பால்மா தீர்ந்த பிறகு அரிசி அளக்க, பூச்செடி நட, பிள்ளைகள் காசு சேர்க்க என்று அது வீட்டைவிட்டுப் போவதே இல்லை. அதன் வட்ட மூடியைத்தான் ஒரு கட்டத்தின் பின்னணியில் திரும்பத் திரும்ப இட்டேன். இன்னொன்றில் கொப்பி மட்டை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருடத்துக்கு வாய்ப்பாடு. தோழி ஒருத்தி கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன வருடத்துக் கட்டத்தில் பின்னணியே கிடையாது, உடுப்புக்கும் நிறமில்லை. நடுக்கட்டம் அடையாள அட்டை மாதிரியே கறுப்பு வெள்ளை.

தேயிலையைப் போடாமல் இருக்க முடியாது. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். அந்தப் படம் தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் போதுமான அளவு அச்சாகிவிட்டது. அதில் நிற்பவர்களுக்குப் பெயர் கிடையாது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். கூடை சுமந்தவர்கள் பெயரைக் கேட்டுப் பரீட்சையில் கேள்வி வந்ததில்லை. அதனால் மலையை மேலிருந்து பார்த்த மாதிரி வரைந்தேன். செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டி முடிந்த மலையை எதிர் மலையில் நின்று பார்த்தால் செடிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த இடைவெளியைத்தான் அந்தக் கட்டத்தின் ஹாஃப்டோனுக்கு எடுத்துக்கொண்டேன். கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்கு கட்டத்தின் கீழ் ஓரத்தில் ஒரு மஞ்சள் பட்டையாக வருகிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. என்னிடம் இருப்பது 8 ஜிபி ரெம் உள்ள பழைய லெப்டொப். இந்த அளவில் ஒரு முழு லேயருக்கே கிட்டத்தட்ட 70 எம்பி போகும். ஒன்பது குளோன், ஒன்பது மாஸ்க் எல்லாம் சேர்ந்தால் திரை மெதுவாகத்தான் நகரும். நிறம் தெரிவு செய்யும் கட்டத்தில் கால் அளவுப் பிரதியில் வேலை செய்துவிட்டு, பிறகு பெரிய கோப்புக்கு மாற்றுவது நல்லது. பென் டேப்லெட் இருந்தால் கோடு நன்றாக வரும், இல்லாவிட்டாலும் மவுஸ் போதும். 1985இல் நியூயோர்க்கில் அமிகா கணினியை அறிமுகம் செய்த மேடையில் வோர்ஹோல் பாடகி டெபி ஹாரியின் உருவத்தை மவுஸால்தான் செய்தார். அந்தக் கணினியின் அடிப்படை நினைவகம் 256 கேபி. அவர் அமிகாவில் வரைந்து வைத்திருந்த படங்கள் சில, தன் உருவம் உட்பட, பழைய ஃப்ளொப்பி டிஸ்க்குகளிலிருந்து 2014இல்தான் மீட்கப்பட்டன. கோப்புகளைப் பத்திரமாக வைக்கச் சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்?

எங்கள் பக்கம் இடி மின்னல் என்றால் கரண்ட் போவது வழக்கம். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் லெப்டொப் பெட்டரியை நம்பித்தான் வரைந்தேன். கிரிட்டாவின் தானியங்கிச் சேமிப்பு இடைவெளியைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

எழுத்துகளுக்கு நான் இன்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைதல் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதுவும் இலவசம். பலூ தம்பி எழுத்துரு தடிப்பும் உருட்டலுமாக இந்தப் பாணிக்கு அப்படியே பொருந்துகிறது. எழுதி, பாதையாக (path, அதாவது வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, கிரிட்டாவுக்குள் கொண்டுவந்தால் கொம்பும் புள்ளியும் இடம் மாறாமல் நிற்கும்.

அச்சுதான் நிறையப் பொறுமை கேட்டது. திரையில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் பச்சையும் அச்சு மையில் அந்த அளவுக்கு வராது. நகரத்தில் ஒரு அச்சகத்தில் கொடுத்தபோது, கேட்காமலே படத்தைச் சுருக்கி அச்சடித்துவிட்டார்கள். என் புள்ளிகளும் அவர்களுடைய அச்சுப் புள்ளிகளும் மோதி, முகம் முழுக்க அலை அலையாகக் கோடு. அதற்குப் பிறகு புள்ளிகளின் இடைவெளியை 24 பிக்ஸலுக்குக் குறையாமல் வைக்கிறேன். 300 டிபிஐயில் அது சுமார் 2 மில்லிமீட்டர். "அளவை மாற்ற வேண்டாம், நூற்றுக்கு நூறு அடியுங்கள்" என்று தாளில் எழுதியும் கொடுக்கிறேன். வட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் படமாக அனுப்பினால் சுருங்கி இதே அலை வரும். ஆவணமாக அனுப்புங்கள்.

கிரிட்டாவை யாருக்குச் சொல்வேன்? வரையப் பொறுமை உள்ள, கணினிக்குக் காசு செலவழித்த பிறகு மென்பொருளுக்கும் கொடுக்க வசதியில்லாத எல்லோருக்கும். அதிகாரபூர்வத் தளத்தில் காசில்லாமல் இறக்கலாம், களவாகப் பிரதி எடுக்கத் தேவையில்லை. போன் மட்டும் இருப்பவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் காகிதத்தில் ஐந்து சாம்பல் அளவில் முகத்தை வரைந்து பழகலாம், கஷ்டமான பாதி அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் பள்ளிக்கூடக் கணினி அறையில் நிறம் கொடுக்கலாம். நிறமில்லாத, சாம்பல் மட்டும் உள்ள மூலக்கோப்பைத் தனியாக இன்னொரு பெயரில் சேமித்து வையுங்கள். நான் இப்போது அதில் பத்தாவது நிறத்தொகுதி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன்.